விண்டோஸ் மாறும்போது நம் கோப்புகள்

வணக்கம் நேயர்களே.

"விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாமே, இனி என் கொம்பியூட்டர் ஓடாதா?" மட்டக்களப்பில் எங்கே போனாலும் என்னிடம் கேட்கிறார்கள். ஓடும். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது அதற்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களைத்தான். தனிப்பட்ட பாவனையாளர்கள் பதிவுசெய்தால் 2026 ஒக்டோபர் 13 வரை திருத்தம் பெறலாம் என்ற நீட்டிப்பையும் அது அறிவித்தது. ஆகவே பதறிப்போய் இயந்திரத்தை விற்க வேண்டாம். ஆனால் வங்கிக் கணக்குப் பார்க்கிற கொம்பியூட்டரைத் திருத்தமே இல்லாமல் வருடக்கணக்கில் ஓட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் புரொசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையக்கூடாது. 4 ஜிபி என்பது காகிதத்தில் மட்டும். 8 இல்லாமல் போட்டால் பொறுமை போய்விடும். ஸ்டார்ட் பொத்தான் நடுவுக்கு வந்தது, ரைட் கிளிக் மெனு சுருங்கியது எல்லாம் ஒரு கிழமையில் கைக்குப் பழகிவிடும். அதில் நேரம் செலவழிக்க மாட்டேன்.

நம் ஆட்கள் திண்டாடுவது தமிழில்தான். பிரதேச செயலகங்களுக்கு அருகிலுள்ள தட்டச்சுக் கடைகளில், பாடசாலைகளில், கோயில் நோட்டீஸ் அடிக்கும் இடங்களில் வருடக்கணக்காகச் சேர்ந்த கோப்புகள் ஏராளமாகப் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. புது விண்டோஸ் போட்டுத் திறந்தால் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள் வரும். கோப்பு பழுதாகிவிட்டது என்று அழித்தவர்களும் உண்டு! அது பழுதில்லை. பாமினிக் கோப்பில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளுக்குரிய குறிகள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. கூத்து முடிந்து உடுப்பைக் களைந்ததும் அரசன் பக்கத்து வீட்டுக்காரராகிவிடுவாரே, அந்த மாதிரி. ஃபோர்மட் பண்ணுவதற்கு முன்பே பழைய இயந்திரத்தின் எழுத்துருக்களைப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். புதிதில் அவற்றை நிறுவினால் எல்லாம் திரும்பி வரும். இனி எழுதப்போவதை யுனிகோடில், அதாவது தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறிகள் உள்ள முறையில் எழுதுங்கள்.

யுனிகோடிலும் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. லதா எழுத்துரு விண்டோஸ் 10இலிருந்தே தானாக வருவதில்லை. பழைய லதாக் கோப்பைத் திறந்தால் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்துகொள்ளும். வரிகள் தள்ளிப்போய், இரண்டு பக்க வினாத்தாள் மூன்று பக்கமாகும். செட்டிங்ஸில் ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்ற இடத்தில் தமிழுக்கான மேலதிக எழுத்துருத் தொகுப்பைச் சேர்த்தால் சரி.

அப்புறம், புது விண்டோஸை நம்பலாமா? 2024 ஜூலை 19ஆம் திகதி உலகம் முழுக்க விமான நிலையங்களும் வங்கிகளும் தடுமாறியது நினைவிருக்கும். முடங்கியவை ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் என்று மைக்ரோசொஃப்ட் கணக்குச் சொன்னது. காரணம் விண்டோஸ் அல்ல, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய பிழையான அப்டேட். இங்கேயும் விண்டோஸ் மேல் போடும் பழியில் பாதிக்கு மேல் தேய்ந்த ஹார்ட் டிஸ்க்குக்கும் ஏறி இறங்கும் கரண்டுக்கும் உரியது என்பேன். மாரி காலத்தில் கரண்ட் போகும் நாட்களில், யுபிஎஸ் இல்லாத கொம்பியூட்டரில் அப்டேட்டை நிறுத்தி வையுங்கள். ஐந்து கிழமை வரை அப்படி வைக்கலாம். விண்டோஸ் முடங்கும்போது வரும் அந்த நீலத் திரையைக்கூட இப்போது கறுப்பாக மாற்றிவிட்டார்கள். பயம் குறைந்ததாகத் தெரியவில்லை.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. புதிய விண்டோஸ் 11ஐப் புதிதாகப் போட்டு மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல இயந்திரங்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. திருடன் லப்டொப்பைக் கொண்டுபோனாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது, நல்லதுதான். ஆனால் மதர்போர்ட் மாற்றினால் அது 48 இலக்கத் திறப்பு எண்ணைக் கேட்கும். எண் அந்தக் கணக்கில்தான் இருக்கும். திருத்துகிற இடத்தில் யாரோ ஒருவருடைய மின்னஞ்சலில் கணக்குத் திறந்து தந்திருந்தால்? பிள்ளையின் படமும் காணி உறுதியின் பிரதியும் உள்ளேயே கிடக்கும். கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், அந்த எண்ணைக் கடதாசியில் எழுதி வையுங்கள்.

விண்டோஸ் 11 ஏறாத பழைய இயந்திரத்துக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச முறைமை இருக்கிறது. பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். தமிழ் தட்டுங்கள், பிரிண்டரில் ஒரு பக்கம் எடுத்துப் பாருங்கள். ஒத்துவரவில்லையா, பென்டிரைவைக் கழற்றி மறுபடி ஓன் பண்ணினால் உங்கள் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

நன்றி, வணக்கம்.