கைக்கணினியில் நான் முதலில் திறப்பது ஒலிப்பதிவைத்தான்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு எண்ணும் எழுத்தும் வகுப்பில் கைக்கணினியை, அதாவது டேப்லெட்டை, எதற்கு எடுக்கலாம், எதற்கு எடுக்கவே கூடாது என்று பேசப் போகிறேன். என்னுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை என்னிடம், ஒரே அறையில்.

பெற்றோருக்காக ஒரு வார்த்தை. கொரோனாவில் விட்டுப்போன படிப்பைச் சரிசெய்ய 2022 ஜூனில் தமிழ்நாடு அரசின் இந்த எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. முதலில் மூன்றாம் வகுப்பு வரை, அடுத்த ஆண்டு ஐந்து வரை. வகுப்பைப் பார்க்காமல், பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்து, கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்போம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, அந்த நிலையை எப்படிக் கண்டுபிடிப்பது? திரையில் கொள்குறி வினா வருகிறது. மூன்று படத்தில் ஒன்றைத் தொட வேண்டும். எழுத்தே தெரியாத பிள்ளையும் மூன்றுக்கு ஒரு தடவை சரியாகத் தொட்டுவிடுமே! அந்த மதிப்பெண்ணை வைத்து மொட்டுக்கு ஏற்றிவிட்டால் பாவம் அந்தப் பிள்ளைதான்.

அதனால் நான் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்கிறேன். நாலு வரி, ஒரு நிமிடம்கூட ஆகாது. பிறகு அதை அவர்களுக்கே போட்டுக் காட்டுவேன். "பளம்" என்று வாசித்த பிள்ளை தன் குரலைக் கேட்டதும், "டீச்சர், நிறுத்துங்க, திரும்ப வாசிக்கிறேன்" என்கிறது. நான் திருத்தினால் முகம் சுருங்கும், தானே பிடித்துவிட்டால் சிரிப்பு. எங்கே எழுத்துக் கூட்டுகிறது, எங்கே படத்தைப் பார்த்து ஊகிக்கிறது என்பதும் காதில் விழுந்துவிடும். ஜூலைப் பதிவையும் நவம்பர்ப் பதிவையும் அடுத்தடுத்து அம்மாக்களுக்குப் போட்டால் தரநிலை அட்டையை விளக்க வேண்டியதே இல்லை. இணையம் வேண்டாம் என்பது இன்னொரு வசதி, எங்கள் ஊர் சிக்னல் அப்படி.

கணக்குக்கு வேறு கதை. கடன் வாங்கிக் கழித்தலைத் திரையில் காட்டினால் பத்து ஒன்றுகள் அழகாகப் பறந்து வந்து விழும். பிள்ளைகள் கை தட்டுவார்கள், சிலேட்டைக் கொடுத்தால் வராது. பத்துக் குச்சிக் கட்டைக் கையால் அவிழ்த்த பிறகுதான் அந்த வீடியோ. புத்தகத்தில் இருக்கும் கியூஆர் கோடுக்கும் அதே வரிசைதான். வீடியோவைப் பாதியில் நிறுத்தி "அடுத்து என்ன வரும்?" என்று கேளுங்கள், முழுசாக ஓட்டிவிட்டால் அது சினிமா.

இன்னொன்று, மலர் பிள்ளைகள் கையில் கைக்கணினியைக் கொடுத்துவிட்டு அரும்போடு உட்காரும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. மலர் தானாகவே வாசிக்கும், அதற்குக் கதைப் புத்தகம் போதும். இருக்கிற ஒரே கருவி தடுமாறுகிற பிள்ளையிடம் போகட்டும்.

அப்புறம் பதிவுகளை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். தடுமாறி வாசிக்கும் குரலை ஊரே கேட்க வேண்டாம். பெயருக்குப் பதில் வருகை எண் போட்டுச் சேமியுங்கள், ஆண்டு முடிந்ததும் அழித்துவிடுங்கள். ஐந்து வகுப்பையும் தனியாகப் பார்க்கிற ஆசிரியர்கள் இதற்கு எப்போது நேரம் ஒதுக்குகிறீர்கள்? கீழே எழுதுங்கள், அடுத்த வீடியோவில் பேசுவோம்.