கரையைக் கொஞ்சம் கலைந்தே இருக்க விடுங்கள்

அன்பர்களே, வணக்கம்.

நேற்று இரவு முழுவதும் தெற்குக் காற்று வீசியது; விடியும் முன் தூறல் விழுந்தது. வசந்த காலத்தில் பறவை பார்க்கப் புறப்பட்டவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் வலசை போகின்றன. காற்று குளிர்ந்து அடங்கியிருக்கும், பகலில் வேட்டையாடும் வல்லூறுகளின் தொல்லை இருக்காது, விண்மீன்கள் திசை காட்டும். காற்றின் தள்ளுதலில் வடக்கே பறப்பவை மழையில் மாட்டிக்கொண்டால் இறங்கித்தான் ஆக வேண்டும். எதிரே பெரிய ஏரி விரிந்து கிடந்தால், கடக்கத் தெம்பில்லாதவை கரையிலேயே ஒதுங்கிவிடும். வட அமெரிக்காவின் ஈரி ஏரிக்கரைகள் மே மாதத்தில் பறவை ஆர்வலர்களால் நிரம்புவது இதனால்தான். தென்கரையில் மேகீ சதுப்புநிலத்தில், கடக்கும் முன் இளைப்பாறுகின்றன. வடகரையில், ஏரிக்குள் நீண்டிருக்கும் பாயிண்ட் பீலி முனையில், கடந்த களைப்போடு வந்து இறங்குகின்றன. அந்த முனை 1918-லேயே தேசியப் பூங்கா ஆகிவிட்டது.

இளைப்பாறுகின்றன என்றேன். அந்தச் சொல்லைத் திருத்திக்கொள்கிறேன்.

பூச்சி தின்னும் சிறு பறவையான கதிர்க்குருவியின் எடை ஏறத்தாழ 10 கிராம்; இரண்டு ஏ4 தாள்களின் கனம். ஆய்வுக்காகப் பறவையின் காலில் வளையமிடுபவர்கள் அதைக் கையில் ஏந்தி, நெஞ்சு இறகுகளை மெல்ல ஊதி விலக்குவார்கள். உள்ளே தெரியும் மெல்லிய தோலுக்கு அடியில், கழுத்தெலும்புக் குழியில், பயணத்துக்குச் சேர்த்துவைத்த கொழுப்பு மஞ்சளாகத் தெரியும். நெடுந்தூரம் பறந்து வந்த பறவையில் அந்தக் குழி வெறுமையாக இருக்கும். நெஞ்செலும்பு துருத்தி நிற்கும். அந்தக் குழியை நிரப்பத்தான் அது இங்கே இறங்கியிருக்கிறது. ஓய்வெல்லாம் அப்புறம்தான். அந்த வெற்றுக் குழியை ஒரு முறை பார்த்தவர் எவரும் படத்துக்காகப் பறவையைத் துரத்த மாட்டார்.

எதைத் தின்று நிரப்புவது? மரங்கள் அப்போதுதான் துளிர்க்கத் தொடங்கியிருக்கும், இலைப்புழுக்கள் குறைவு. ஆனால் நீர் முந்திக்கொள்கிறது. ஏரியின் அடிச்சேற்றில் செந்நிறப் புழுக்களாகக் கிடந்தவை மேலே வந்து, தோலுரித்து, கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத பூச்சிகளாகப் பறக்கின்றன. மாலையில் கரையோரப் புதர்களின் மேல் புகைபோலச் சுழல்கின்றனவே, நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்களே, அவைதான். கதிர்க்குருவி அவற்றைக் கிளை கிளையாகத் தாவிக் கொத்துகிறது. குளிர்ந்த காலையில் தகைவிலான்கள் நீரை உரசிக்கொண்டு பறப்பதும் இப்படிப்பட்ட பூச்சிகளுக்காகத்தான்.

ஆகவே கரையை அழகுபடுத்தலாம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறுகிறது. நாணலை வெட்டி, சேற்றை வாரி, கல் பதித்துவிட்டால், சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவை அலகை எங்கே குத்தும்? நடைபாதை வேண்டும், மறுக்கவில்லை. அதை நீரிலிருந்து நன்றாகத் தள்ளிப் போடலாம். நாணலை ஒரேயடியாக வெட்டாமல், குஞ்சுகள் பறந்த பிறகு, ஆண்டுக்கு ஒரு பகுதியாக வெட்டலாம்.

கைபேசியில் பறவையின் பாட்டையே ஒலிக்கவிட்டு அதை அழைக்கவும் வேண்டாம். எதிரி வந்துவிட்டான் என்று அது இரையை விட்டுவிட்டுத் தேடி அலையும். வசந்தத்தில் அதற்கு நேரம் கிடையாது. முந்திப் போய்ச் சேரும் ஆணுக்குத்தான் கூடு கட்ட நல்ல இடம் வாய்க்கிறது.

சரி, புறப்படுவோம். காற்று படாமல் வெயில் முதலில் விழும் நீரோரப் புதர்களுக்குப் போங்கள். பூச்சிகள் அங்கேதான் முதலில் எழும். போனதும் அசையாமல் நின்றுவிடுங்கள். பசித்த பறவை ஆளைப் பொருட்படுத்தாது. சில வேளை பைனாகுலருக்கே வேலை இருக்காது. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், எந்தக் கிளையில், எதைக் கொத்தியது என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.