கோணமலைக்கு எத்தனை பெயர்?

தலைவர் அவர்களே, கூட்டம் முடியும்வரை இருப்பதாக வாக்களித்திருக்கும் பிரதம விருந்தினர் அவர்களே, ஆலய பரிபாலன சபையினரே, அதிபர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்திலும் பத்து நிமிடத்தை அன்போடு எடுத்துக்கொண்ட நண்பர் அவர்களே, பொன்னாடை போர்த்திய வர்த்தகப் பெருமக்களே, இடமில்லாமல் வாசலில் நிற்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

மூன்று விடயங்கள் சொல்ல வந்தேன். பழைய ஊர்களைக் கணினி எப்படி அடையாளம் காண்கிறது, பழைய நாணயங்கள், நம் கல்வெட்டுகள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார் என் அம்மம்மா. அதை மனத்தில் வைத்துக் கேளுங்கள்.

பிளேயடீஸ் என்றோர் இடப்பெயர்த் திரட்டு இணையத்தில் இருக்கிறது. அதில் உரோமின் இலக்கம் 423025, ஏதென்சின் இலக்கம் 579885. ஊர்ப்பெயர் எந்த மொழியில், எந்த எழுத்துக்கூட்டலில் வந்தாலும் அந்த இலக்கத்தைச் சுட்டிவிட்டால் போதும். ஓரிடத்து வரைபடமும் வேறோரிடத்து நூலும் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். இப்படிக் கோக்கும் வேலையைப் பெலாஜியோஸ் திட்டம் 2011இல் தொடங்கியது. பொருளுக்கு வலை முகவரியையே பெயராக வை, அங்கே போனால் விவரம் கிடைக்கட்டும், அங்கிருந்து மற்றவற்றுக்கு வழி இருக்கட்டும் என்று டிம் பெர்னர்ஸ்-லீ 2006இல் எழுதிவைத்ததுதான் இதற்கு அடிப்படை. இப்படிக் கோத்துவைத்த விவரத்துக்கு 'இணைந்த தரவு' என்று பெயர். 'திறந்த தரவு' என்றால், அதற்குமேல் பூட்டும் இருக்கக் கூடாது.

நம் ஊர் திருகோணமலையை எடுங்கள். மகாவம்சத்தில் கோகண்ண, சம்பந்தர் வாக்கில் கோணமாமலை, வெள்ளைக்காரன் வாயில் டிரிங்கோமலி. இதனால் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும்.

நம் கோட்டையின் பழைய வரைபடம் ஒன்றைத் தேடி இரவு ரயிலில் கொழும்புக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். எழுதுவினைஞர் 'டி' எழுத்துப் பதிவேட்டைப் புரட்டினார். இல்லை. 'கே'யில் பார்த்தார். இல்லை. 'ஜி'யில் பாருங்கள், கோகர்ணம் என்று இருக்கலாம் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார். நான் வாங்கில் குந்தியிருந்தேன். தேநீர் கொண்டுவந்த முதியவர், "எந்த ஊர் ஐயா?" என்றார். சொன்னேன். "மான் மேய்கிற கோட்டையா?" "ஓம்." "அது பிரெட்ரிக் கோட்டை அல்லவா, 'எஃப்' அலுமாரியில் இருக்கும்." சணல் கயிற்றை அவிழ்த்ததும் இராமபாணப் பூச்சி இரண்டு ஓடின. அடியில் வரைபடம்! நான் கண்ட முதல் இணைந்த தரவு அந்தப் பெரியவர்தான். அவர் ஓய்வு பெற்ற அன்று அந்த வரைபடம் மறுபடி தொலைந்திருக்கும். ஏட்டுச் சுரைக்காய்!

அதே கோட்டை வாசலுக்கு வாருங்கள். இரட்டைக் கயலோடு, 'முன்னே குளக்' என்று தொடங்கி, வரிக்கு வரி ஓரம் வெட்டுண்டு நிற்கிறது கல்வெட்டு. கீழே வாகனங்கள் போகின்றன. படம் எடுப்பவர் ஆயிரம் பேர். இடம், வாசகம், அளவு எல்லாம் சேர்த்து, இலக்கமிட்டு, எவரும் எடுத்தாளும்படி ஏற்றுகிறவர் எத்தனை பேர்? நிலாவெளிச் சோழர் கல்வெட்டுக்கும் இதே கேள்விதான். இதற்காகத்தான் நான்கு ஆண்டுகளாக மனுக் கொடுக்கிறேன்: நூலகத்தில் ஒரு மேசை, ஒரு ஸ்கேனர், சம்பளத்தோடு ஒரு பிள்ளை. பதில் கடிதங்கள் மட்டும் ஒரு கோப்பு நிறைய வந்திருக்கின்றன. அவையும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். நாணயங்களுக்கு நோமிஸ்மா என்ற தளம் இருக்கிறது, வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கையொப்பத் தாள் மூன்றாம் வரிசையில் நின்றுவிட்டது போலிருக்கிறது. தம்பி, அதைப் பிரதம விருந்தினரிடம் முதலில் கொடுங்கள். பேனா அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது.