மச்சான் பிடித்த கயிறு

நேயர்களுக்கு வணக்கம்.

உயர்ந்த மலைகளின் செங்குத்தான பாறைச்சுவர்களில் ஏறுவது பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தார் அழைத்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இராமேசுவரம் தீவில் பர்வதம் என்று பெயர் வாங்கியிருப்பது ஒரு மணல்மேடு. கந்தமாதன பர்வதத்தின் படிகளில் ஏறி மண்டபத்து மாடியில் நின்றால், பனைமரத் தலைகளும் அவற்றுக்கு அப்பால் கடலும் தெரியும்; அதற்கு மேல் ஏறுவதற்கு எங்கள் பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஆனாலும் இந்தக் கரையில் பிறந்து, படையில் சேர்ந்து, அங்கிருந்து இமயமலைப் பக்கம் மலையேற்றப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டு, ஓய்வு பெற்றபின் மண்டபத்தில் வலையும் கயிறும் விற்கும் கடை வைத்திருக்கிறேன் என்பதால், கயிற்றைப் பற்றியாவது இரண்டு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே இதைக் கேட்பவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி ஏற்கெனவே தெரிந்ததாகவே இருக்கும்.

நான் எடுத்துக்கொண்டிருப்பது சாங்கபாங் என்னும் மலை. உத்தராகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில், நந்தாதேவிக்கு வடக்கே, 6864 மீட்டர் உயரத்தில் நிற்கும் வெளிறிய கிரானைட் கூம்பு அது. 1974 ஜூன் மாதத்தில் கிறிஸ் பானிங்டனும் நம் படையைச் சேர்ந்த பல்வந்த் சாந்துவும் தலைமை தாங்கிய இந்திய-பிரிட்டிஷ் அணி முதன்முதலில் அதன் உச்சியை அடைந்தது. அவர்கள் சென்றது கிழக்குப் பக்கமாக. மேற்குப் பக்கமோ ராமணி பனியாற்றிலிருந்து நேரே எழும்பும் சுவர். அடியிலிருந்து உச்சி வரை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பாறையும் ஒட்டுப்பனியும்தான்.

1975-இல் ஜோ டாஸ்கர், டிக் ரென்ஷா என்ற இரண்டு ஆங்கிலேய இளைஞர்கள் ஒரு பழைய வேனில் இங்கிலாந்திலிருந்து சாலை வழியாகவே இந்தியாவுக்கு வந்து, எதிரே இருக்கும் 7066 மீட்டர் உயரமான துனாகிரியில் ஏறினார்கள். இறங்கும் வழியில் உணவும் எரிபொருளும் தீர்ந்துபோய், ரென்ஷாவின் விரல்கள் பனியால் கருகின. அந்த நிலையிலும் டாஸ்கரின் கண் எதிரே நின்ற சாங்கபாங்கின் மேற்குச் சுவரை விட்டு அகலவில்லை. ரென்ஷாவின் கை ஆறாததால், அடுத்த ஆண்டுக்கு டாஸ்கர் பீட்டர் போர்ட்மனைத் துணைக்கு அழைத்தார். போர்ட்மன் 1975-இல்தான் எவரெஸ்ட்டின் தென்மேற்கு முகம் வழியாக உச்சி தொட்டுத் திரும்பியிருந்தார். அது பெரிய பட்டாளமாகச் சென்று சாதித்த ஏற்றம். இப்போது வந்த அழைப்போ இரண்டே பேருக்கானது.

இங்கேதான் இந்தக் கதை நம் கரைக்கு வந்து சேர்கிறது. டாஸ்கர் அப்போது மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில், உறைந்த உணவுப் பொருள்களை வைக்கும் குளிர்கிடங்கு ஒன்றில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் படுக்க இடம் இருக்காது, தொட்டில் கட்டித்தான் தூங்க வேண்டும் என்று கணித்திருந்த இருவரும், தாங்கள் தைக்கச் சொன்ன தொட்டில்களை அந்தக் கிடங்கிற்குள்ளேயே தொங்கவிட்டு இரவு முழுவதும் படுத்துப் பார்த்தார்கள். மண்டபத்தில் இறால் பெட்டி அடுக்கும் குளிர்கிடங்கில் கால்மணி நேரம் நின்றவர்களுக்கு இதன் பொருள் புரியும். கழித்தல் 18 டிகிரி குளிரில் முதலில் மூக்கின் உள்மயிர் விறைக்கும். பிறகு கையுறைக்குள் இருக்கும் விரல் நுனி இருக்கிறதா இல்லையா என்ற ஐயம் வரும். வெளியே வந்து வெயிலில் நின்றதும் அந்த விரல்களில் குத்தும் வலி இருக்கிறதே, அது உள்ளே இருந்த குளிரைவிட மோசம். அவர்கள் அதைக் காசு கொடுக்காமல் கிடைத்த இமயமலையாகக் கருதினார்கள். ஒத்திகை என்றால் இதுவல்லவா என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

சுவரேற்றம் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். இருவரையும் ஒரே கயிறு இணைத்திருக்கும். ஒருவர் பாறையில் அடித்த ஆணிகளில் தம்மைக் கட்டிக்கொண்டு நிற்பார், மற்றவர் ஏறுவார். ஏறுபவர் ஐந்தாறு மீட்டருக்கு ஒரு முறை பாறையின் வெடிப்பில் ஆணியை அறைந்தோ உலோக ஆப்பைச் செருகியோ, அதில் ஒரு கொக்கி வளையத்தை மாட்டி, கயிற்றை அதன் வழியே ஓடவிடுவார். அவர் கை நழுவினால், கடைசி ஆணியிலிருந்து எவ்வளவு மேலே இருந்தாரோ அதைப் போல இரண்டு மடங்கு தூரம் விழுந்து, கீழே நிற்பவர் கயிற்றை இறுக்கிப் பிடித்தால் அங்கே தொங்குவார். பிடிக்காவிட்டால் இருவருமே போக நேரிடலாம். கயிறு முடிந்ததும் மேலே இருப்பவர் தம்மைக் கட்டிக்கொண்டு நிற்க, கீழே நின்றவர் ஏறுவார். ஆக ஒரு நாளில் பாதி நேரம் ஏறுவது, பாதி நேரம் நிற்பது. படம் எடுப்பவர்கள் ஏறுபவரை மட்டும் எடுப்பதால் நிற்பவர் யார் கண்ணிலும் படுவதில்லை. அசைந்துகொண்டே இருப்பவருக்கு உடம்பாவது சூடேறும். காற்று அறையும் ஒரு கையகலத் தட்டில் மூன்று மணி நேரம் அசையாமல் நிற்பவருக்கு அதுவும் கிடையாது. இரண்டில் கடினமானது நிற்பதுதான் என்பது என் கட்சி.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பயிற்சிக் காலத்தில் உத்தரகாசிப் பக்கம் ஒரு பாறையில் என் தோழர் ஏற, நான் கயிறு பிடித்துக்கொண்டிருந்தேன். மதிய வேளை, கீழே ஆறு பச்சையாக ஓடியது, கடலைத் தவிர வேறு நீரை அந்த நிறத்தில் பார்த்திராத நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். கையில் கயிறு ஒரு பாகத்துக்கு, அதாவது இரு கைகளையும் விரித்த நீளத்துக்கு, மேல் தளர்ந்து கிடந்ததைக் கவனிக்கவில்லை. தோழர் வழுக்கினார். நான் பிடித்துவிட்டேன், ஆனால் அந்தத் தளர்ச்சி முழுவதையும் அவர் விழுந்து முடித்த பிறகுதான் பிடித்தேன். அவருடைய முழங்கால் பாறையில் மோதி மூன்று நாள் வீங்கியிருந்தது. பயிற்சியாளர் ஒரு சொல்கூடத் திட்டவில்லை. மறுநாள் முழுவதும் என்னை ஏறவே விடாமல், ஒருவர் மாற்றி ஒருவராக எட்டுப் பேருக்குக் கயிறு பிடிக்க வைத்தார். மாலையில் என் உள்ளங்கை, கரைவலை இழுத்த அன்று இருப்பதுபோல் இருந்தது.

அன்று இரவு என் தாத்தாவைப் பற்றி அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. தாத்தா முத்துக்குளிப்புக்குத் தூத்துக்குடிப் பக்கம் போனவர். 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோன தொழில் அது. காலில் கல்லை மாட்டிக்கொண்டு, சிப்பி கிடக்கும் கடலடிப் பாறையான பாருக்கு இறங்குபவரின் உயிர், படகில் இருந்து கயிறு பிடிப்பவர் கையில். அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று முத்துக்குளித்துறை முழுவதும் சொல்வது வழக்கம். தன் தங்கை தாலியறுக்க வேண்டும் என்று எந்த அண்ணனும் நினைக்க மாட்டான் அல்லவா? தாத்தாவுக்குப் பாட்டியின் அண்ணன் பிடித்தார். கயிறு ஒருமுறை அசைந்தால் தூக்க வேண்டும். அது நீரோட்டத்தில் தானாக அசைந்ததா, கீழே இருப்பவர் அசைத்ததா என்று கண்டுகொள்வதுதான் வித்தை. காற்றின் இரைச்சலில் குரல் கேட்காத பாறைச்சுவரிலும் இதே ஏற்பாடுதான். இத்தனை இழுப்புக்கு இன்ன பொருள் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள்.

முக்குளிப்பவருக்கும் மலையேறுபவருக்கும் இன்னொரு உறவும் உண்டு. கடல்மட்டத்தில் நம்மை அழுத்தும் காற்று ஒரு பங்கு என்றால், சங்குக்காக 10 மீட்டர் ஆழத்துக்கு இறங்குபவர் மேல் இரண்டு பங்கு அழுத்தம் ஏறிவிடுகிறது. அதே ஒரு பங்கு பாதியாகக் குறைய வேண்டுமானால் ஏறத்தாழ 5500 மீட்டர் மேலே போக வேண்டும். அங்கும் காற்றில் பிராணவாயுவின் விகிதம் மாறுவதில்லை. ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது பாதிதான். அதற்கு உடம்பைப் பழக்க வாரக்கணக்கில் ஆகும். பழகாமல் விரைந்து ஏறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதற்கு முதல் மருந்து கீழே இறங்குவதுதான்.

இன்னொரு தொல்லை தண்ணீர். சுற்றிலும் பனி இருக்கிறதே, தாகத்துக்கு என்ன பஞ்சம் என்று தோன்றும். ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். ஐஸ் பாரை நொறுக்கி மீனுக்குப் போட்டால் அது எளிதில் கரையாமல் இருப்பதால்தானே படகில் ஐந்து நாள் மீன் கெடாமல் வருகிறது? உருகும் நிலையில் இருக்கும் ஒரு கிலோ பனியை வெறும் குளிர்ந்த நீராக்குவதற்குச் செலவாகும் வெப்பம், அதே நீரை அப்படியே 80 டிகிரிக்குச் சூடாக்கப் போதுமானது. எனவே, தொங்கும் நிலையில் சின்ன அடுப்பை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு குவளைத் தேநீருக்குப் பனி உருக்குவதற்கு ஒரு மணி நேரம் போய்விடும். அழுத்தம் குறைந்த அந்த இடத்தில் தண்ணீர் 80 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே கொதித்துவிடுவதால், பருப்பு வேகும் என்ற பேச்சே கிடையாது.

இத்தனையையும் தலையில் தாங்கிக்கொண்டு, 1976 செப்டம்பரில் போர்ட்மனும் டாஸ்கரும் சுவரில் கை வைத்தார்கள். கீழ்ப்பகுதியில் ஏறிய இடங்களில் கயிற்றை நிலையாகக் கட்டிவிட்டு, மாலையில் இறங்கி, மறுநாள் அதே கயிற்றைப் பற்றி ஏறினார்கள். அப்படி ஏறுவதற்கு ஜுமார் என்னும் பிடிப்பான் உண்டு. மேலே தள்ளினால் நகரும், கீழே இழுத்தால் பல்லால் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். வசதியான கருவிதான். ஆனால் தொங்குபவர் ஒவ்வொரு முறை எம்பும்போதும் மேலே எங்கோ கண்ணுக்குத் தெரியாத ஒரு பாறை விளிம்பில் கயிறு உரசுகிறது. நங்கூரக் கயிறு பாரில் உரசி உரசி நூல் நூலாகப் பிரிந்து போவதைப் பார்த்தவர்கள், அந்த நூலில் தாங்களே தொங்குவதாக நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சுவரின் நடுவே தொட்டில்களைத் தொங்கவிட்டார்கள். குளிர்கிடங்கில் தேறிய தொட்டில்கள் இங்கே தேறவில்லை. கிடங்கில் காற்று கிடையாது. சுவரில் காற்று தொட்டிலைப் பாறையில் மோதியது. தோள்கள் இரண்டும் நெருக்கப்பட்டு, மூச்சு துணியில் உறைந்து, காலணியைக் கழற்றுவதே பெரும் பாடாகி, தூக்கமில்லாத இரவுகளுக்குப் பின் இருவரும் அடிமுகாமுக்கே இறங்கிவிட்டார்கள். அந்த இறக்கத்தைத் தோல்வி என்று எழுதுபவர்கள் உண்டு. வாடைக்காற்று கிளம்பிய அன்று வலையை ஏற்றிக்கொண்டு கரைக்குத் திரும்புவதை நம் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சில நாள் தின்று, தூங்கி, மீண்டும் போனார்கள். அக்டோபர் 15-ஆம் நாள் இருவரும் உச்சியில் நின்றார்கள்.

கீழே வந்தால் அங்கே வேறு செய்தி காத்திருந்தது. துனாகிரியில் ஏறிய வேறோர் அணியில் நான்கு பேர் விழுந்து இறந்திருந்தார்கள். களைப்பு தீராத இவர்கள் இருவரும் மறுபடி மேலே போய், அந்த நால்வரையும் ஒரு பனிப்பிளவில் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். சுவரில் ஏறியதைவிட இதையே நான் பெரிதாக எண்ணுகிறேன். ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1982 மே 17 அன்று, எவரெஸ்ட்டின் வடகிழக்கு முகட்டில் இதே இருவர் ஏறிக்கொண்டிருந்ததைக் கீழிருந்து தொலைநோக்கியில் பார்த்தார்கள். அதன்பின் அவர்கள் திரும்பவில்லை.

இப்போது கருவிகள் மாறிவிட்டன. தொட்டிலுக்குப் பதிலாகச் சட்டம் வைத்த தொங்கு கட்டில் வந்துவிட்டது. கங்கோத்ரிப் பக்கத்து மேரு மலையின் சுறாத்துடுப்பு என்னும் சுவரில் 2008-இல் கான்ராட் ஆங்கர், ஜிம்மி சின், ரெனான் ஓஸ்டுர்க் என்ற மூவர் 7 நாள் உணவை 20 நாளுக்கு இழுத்துப் பிடித்து, உச்சிக்கு 100 மீட்டர் இருக்கையில் திரும்பி, 2011-இல் மீண்டும் வந்து முடித்ததும் அத்தகைய கட்டிலில் படுத்துத்தான். சுறா என்று பெயர் வைத்ததற்காகவே எங்கள் ஊரில் அந்த மலைக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு.

கயிறும் மாறியிருக்கிறது. ஏறுபவரின் கயிறு உள்ளே நைலான் இழைகளும் வெளியே நெய்த உறையுமாக, விழுந்தால் ரப்பர் போல நீண்டு அதிர்ச்சியைத் தானே விழுங்கும்படி செய்யப்படுகிறது. 80 கிலோ எடையை விழவிட்டுச் சோதிக்கும்போது அதிர்ச்சி 12 கிலோநியூட்டனை, அதாவது 1200 கிலோவைத் தொங்கவிட்டதற்கு ஒப்பான விசையை, மிஞ்சக் கூடாது என்பது உலக விதி. என் கடையில் சுருள் சுருளாக இருக்கும் நீலக் கயிறும் பச்சைக் கயிறும் வேறு சாதி. அவை தண்ணீரில் மிதக்கும், வலைக்கும் படகுக்கும் உழைக்கும். விழும் மனிதரை அவை பிடித்தாலும் இடுப்பை முறித்துவிடும்.

போன மாதம் இரண்டு கல்லூரிப் பையன்கள் கடைக்கு வந்து, பாறை ஏறப் போகிறோம், 50 மீட்டர் நீலக் கயிறு கொடுங்கள் என்றார்கள். கொடுக்க மாட்டேன் என்று சொல்லி, என்ன கயிறு, எப்படிக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, உனக்கு யார் கயிறு பிடிப்பது என்று ஒருவனிடம் கேட்டேன். பக்கத்தில் நின்றவனைக் காட்டி, "மச்சான்தான்" என்றான். "எந்த வகையில் மச்சான் தம்பி? இவன் தங்கையைக் கட்டியிருக்கிறாயா?" என்றேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவனும் மச்சான் என்றாகிவிட்ட காலம் இது, தவறு என்னுடையதுதான். அவர்களைக் கடைக்குப் பின்னால் அழைத்துப் போய், ஒரு பழைய கயிற்றின் ஒரு முனையில் மணல் மூட்டையைக் கட்டி வேப்பங்கிளையின் மேல் போட்டு, மறுமுனையை அந்த மச்சான் கையில் கொடுத்தேன். நான் எப்போது மூட்டையைத் தள்ளிவிடுவேன் என்று சொல்லவில்லை. அவன் முதலில் செல்பேசியைப் பார்த்தான்; மூட்டை தரையில் விழுந்தது. இரண்டாவது முறை என் முகத்தைப் பார்த்தான், மறுபடி விழுந்தது. ஏழாவது முறையோ எட்டாவது முறையோ, யாரையும் பார்க்காமல் கயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான்.

வணக்கம்.