மழை பெய்தால் பேட்டரி ஏன் இறங்குகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் பழைய கார் வைத்திருப்பவர்கள் பலரும் ஒரே குறையோடு எலக்ட்ரீஷியனைத் தேடி வருவார்கள். "ராத்திரி நல்ல மழை. காலையில் செல்ஃப் எடுக்கவில்லை." புதுப் பேட்டரி வாங்கிப் போட்டிருப்பார்கள். ஒரு வாரம் நன்றாக ஓடும். அடுத்த மழைக்குப் பழைய கதைதான். அம்பாசடர், பத்மினி, மாருதி 800 என்று எந்த வண்டியானாலும், மழைக்காலத்தில் இப்படி ஒரு கோளாறு வந்தால் நான் முதலில் பேட்டரியைப் பார்ப்பதில்லை. காலடி மேட்டைத் தூக்கிப் பார்ப்பேன். தண்ணீர் எங்கே தங்குகிறது என்று தெரிந்தால், கரண்ட் எங்கே வீணாகிறது என்று தேடுவது பாதியாகக் குறைந்துவிடும்.

ஒரு மாருதி 800-ஐச் சொல்கிறேன். இதே குறைதான். உட்கூரையில் இருக்கும் சின்ன விளக்கு, கதவைத் திறந்தால் எரியும், மூடினால் அணையும். அதற்கான சுவிட்ச் கதவுத் தூணில் ஒரு குமிழ் மாதிரி இருக்கும். முன் கண்ணாடியின் ரப்பர் பீடிங் ஓர் ஓரத்தில் வெடித்து, அந்த வழியாக இறங்கிய தண்ணீர் தூணுக்குள் ஓடி, அந்தச் சுவிட்சைத் துருப்பிடிக்க வைத்திருந்தது. கதவை மூடிய பிறகும் குமிழ் உள்ளே போகாமல் சிக்கிக்கொள்ளும். விளக்கு இரவு முழுக்க எரியும். 5 வாட் பல்புதானே என்று தோன்றும். 12 வோல்ட்டில் அது சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 10 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி, இரண்டு மூன்று நாள் வண்டியை எடுக்காமல் நிறுத்தினால் தாங்குமா?

இந்த மாதிரி கசிவைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். சாவியை எடுத்துவிட்டு, கதவுகளை மூடி, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். கழற்றிய கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்துப் பாருங்கள். கடிகாரமும் ஸ்டீரியோவின் நினைவும் சில மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் எங்கோ ஒழுகுகிறது. அப்புறம் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது மீட்டர் இறங்குகிறதோ, கோளாறு அந்த லைனில் இருக்கிறது. எல்லா ஃப்யூஸையும் உருவிய பிறகும் இறங்கவில்லை என்றால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டருக்குப் போகும் தடித்த வயரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதனுள்ளே, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு போயிருந்தால் அந்த வழியாகவும் இறங்கும். மீட்டர் இப்படி நடுவில் இருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரண்டை அது தாங்காது.

அடுத்தது எர்த். காரில் பாசிட்டிவுக்குத்தான் வயர். திரும்பி வரும் வழி பெரும்பாலும் வண்டியின் உடம்பு. ஒரு திருகுக்கு அடியில் துருவோ பச்சைக் களிம்போ ஏறினால் போதும், திரும்பும் வழி அடைபடும். இண்டிகேட்டர் போட்டால் பின்னால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறதா? பல்பை மாற்ற வேண்டாம், அந்த விளக்கின் எர்த்தைப் பாருங்கள். தன் வழி அடைபட்ட கரண்ட் பக்கத்துப் பல்பு வழியாகத் திரும்பப் பார்க்கிறது. இன்ஜினை வண்டியின் உடம்போடு இணைக்கும் எர்த் பட்டை அற்றுப்போனால் இன்னும் விசித்திரம்: செல்ஃப் அடிக்கும்போது ஆக்ஸிலரேட்டர் கேபிள் சூடாகும். கரண்ட் அந்த மெல்லிய கேபிள் வழியாகப் போக முயல்வதுதான் காரணம். ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவில் வோல்ட் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் பட்டையைக் கழற்றி, இரண்டு முனையும் படும் இடத்தை உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். உள்ளே ஈரம் என்றதும் எல்லாரும் மழையைத்தான் சந்தேகிப்பார்கள். ஏசி போட்ட நாளில் மட்டும் இடது பக்கக் காலடி நனைந்தால், அது ஏசியின் வடிகுழாய் அடைப்பு. கையில் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு, நிறமாக இருந்தால் ஹீட்டரிலிருந்து ஒழுகும் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். அது விஷம், நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். இரண்டும் இல்லை என்றால்தான் மழைத் தண்ணீர்.

அதைத் தேட ஓஸ் குழாயை மெதுவாக, அழுத்தமில்லாமல் விட வேண்டும். கீழிருந்து மேலே போக வேண்டும், இதுதான் முக்கியம். முதலிலேயே கூரையில் ஊற்றினால் எல்லா ஓட்டையும் ஒன்றாக நனைந்து எது காரணம் என்று தெரியாது. உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்காரட்டும். கதவின் அடிப்பாகம், அப்புறம் கதவு ரப்பர், பிறகு முன் கண்ணாடியின் கீழ் ஓரம், கடைசியில் கூரை. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடமாவது விடுங்கள். ரப்பரின் உள்பக்கம் முகப்பவுடரைத் தூவி வைத்தால் தண்ணீர் இறங்கிய தடம் கோடாகத் தெரியும்.

கதவுக்குள் தண்ணீர் போவது இயல்புதான். அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேறிவிடும். அந்தத் துளைகள் மண்ணால் அடைபட்டாலோ, உள் பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் கிழிந்தாலோ உள்ளே வரும். ஸ்பீக்கர் மாட்டும்போது அந்தத் தாளைக் கிழித்தெறிந்துவிடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கும். வைப்பருக்கு அடியில் சேரும் வேப்பஞ்சருகையும் அள்ளுங்கள். வடிகால் அடைத்தால் காற்று வரும் வழியாகத் தண்ணீர் உள்ளே கொட்டும்.

ஒழுகும் கண்ணாடி ரப்பர் மேல் சிலிக்கான் பூசுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. வினிகர் வாடை அடிக்கும் வகை தகரத்தையே அரிக்கும். பூச்சுக்குள் மாட்டிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே துருவை வளர்க்கும். கண்ணாடியைக் கழற்றி, துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, புது பீடிங் போடுவதுதான் வேலை. டிங்கரிடம் ஒரு நாள் வண்டியை விட மனமில்லாமல் தள்ளிப்போடாதீர்கள்.

வயர் ஜாயின்டும் அப்படித்தான். முறுக்கி டேப் சுற்றினால் நம் வெயிலுக்குப் பசை உருகிப் பிரிந்துவிடும். செம்புக் கம்பி இழைகள் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் நின்ற மாதிரியான வண்டிகள் காய்ந்து ஓட ஆரம்பித்த பிறகும், மாதக்கணக்கில் புதுப்புதுக் கோளாறு காட்டும். ஜாயின்டை ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃப்யூஸோ வெள்ளித் தாளோ யாராவது வைக்க வந்தால் உறுதியாக மறுத்துவிடுங்கள். அங்கே ஷார்ட் இருக்கிறது. ஃப்யூஸ் போகாவிட்டால் வயர்தான் பற்றி எரியும்.

மழைக்குப் பிறகு இந்த ஞாயிறு மேட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் பஞ்சை அழுத்திப் பாருங்கள். மேலே காய்ந்திருந்தாலும் பஞ்சு பல நாள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். நனைந்திருந்தால் வெளியே எடுத்து வெயிலில் காயப்போட்டுவிட்டு, ஓஸ் குழாயை எடுங்கள்.

நன்றி, வணக்கம்.