நம்ம மலைக்கோட்டைப் போரும் லண்டன் கேலிச்சித்திரமும்

(காட்சி: கிருஷ்ணகிரி, சையத் பாஷா மலை)

வணக்கம். பின்னால தெரியுது பாருங்க, இந்த மலைக்கோட்டையை 1791 நவம்பர்ல ஆங்கிலேயக் கர்னல் மேக்ஸ்வெல் படை தாக்குச்சு. பிடிக்க முடியல. திப்பு சுல்தானோட நடந்த மூன்றாம் மைசூர் போர் அது. அடுத்த வருஷமே உடன்படிக்கை போட்டு, இந்தப் பாரமகால் சீமை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போயிடுச்சு.

அதே 1791ல லண்டன்ல ஜேம்ஸ் கில்ரேங்கிற கேலிச்சித்திரக்காரர் ஒரு படம் போட்டார். மழையில மாட்டி, வண்டி மாடெல்லாம் செத்து, பீரங்கியை உடைச்சுப் போட்டுட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துலேர்ந்து திரும்பினாரே கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ், அவரைத்தான் வரைஞ்சார். மதில் மேல நின்னு திப்பு சிறுநீர் கழிக்கிறார்; கீழ கவர்னர் ஜெனரல் அலறி ஓடுறார். போர் முடியறதுக்குள்ளேயே தன் நாட்டுத் தளபதியை இப்படி வரையறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்! போர்க்காலக் கேலிச்சித்திரம் சேர்க்கிற ஆசை எனக்கு இந்தப் படத்தைப் பார்த்துத்தான் வந்தது.

(காட்சி: மேஜை, லென்ஸ், ஒரு தாள்)

இந்த மாதிரிப் பழைய கேலிச்சித்திரம் வாங்கும்போது படத்தை விடத் தாளைப் பாருங்க. அந்தக் காலத்துல செம்புத் தகட்டுல அமிலத்தால கோடு அரிச்சு, மை பூசி, ஈரத்தாள்ல அழுத்தி எடுத்தாங்க. தகடு அழுந்தின பள்ளம் ஓரத்துல விரலுக்குத் தட்டுப்படும். நிறம் கையால தீட்டினது, கோட்டைத் தாண்டி அங்கங்க வழிஞ்சிருக்கும். நகைக்கடையில கல் பார்க்கிற லென்ஸை வெச்சுப் பாருங்க. வரிசையா புள்ளி தெரிஞ்சா, பின்னாடி வந்த அச்சு.

பள்ளம் இருந்தாலே அசல்னு நம்பிடாதீங்க. கில்ரே 1815ல இறந்துட்டார். அப்புறம் பல வருஷம் கழிச்சு, ஹென்றி போன் (Bohn)ங்கிற பதிப்பாளர் அதே தகடுகளை வெச்சு மறுபடி அச்சடிச்சார். நிறம் கிடையாது, பல தாள்ல ரெண்டு பக்கமும் படம். நான் கண்ணாடிச் சட்டத்தோட ஒண்ணு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிரிச்சா, பின்பக்கம் இன்னொரு படம்! அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்ல. சட்டத்தைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க.

(காட்சி: பழுப்பேறிய 1942 வாரப்பத்திரிகை)

இது இரண்டாம் உலகப்போர் காலத்துப் பத்திரிகை, பழைய பேப்பர் கடையில எடைக்குக் கிடைச்சது. கில்ரே காலத்துத் தாள் கந்தல் துணியில செஞ்சது, இன்னும் திடமா இருக்கு. இது மரக்கூழ், மடிச்ச இடத்துல பொடிஞ்சு உதிருது. லாமினேஷன் பண்ணாதீங்க, செல்லோடேப் ஒட்டாதீங்க. வெயில் படாம, விரிச்சபடி வையுங்க. ராமபாணப் பூச்சி வருதான்னு மாசம் ஒருதரம் பாருங்க.

தர்மபுரி, பாலக்கோடு, ஓசூர் பக்கம் யார் வீட்டுப் பரண்லயாவது 1939லேர்ந்து 1945 வரைக்கும் வந்த பத்திரிகைக் கட்டு இருந்தா, எடைக்குப் போடறதுக்கு முன்னாடி கேலிச்சித்திரம் இருக்கான்னு ஒருதரம் புரட்டிப் பாருங்க.