யவீருவோட பொண்ணு கண்ணு வழியா இயேசு: தி மிராக்கிள் மேக்கர் படம் கதை சொல்ற விதம்

[திரையில்: கலிலேயாக் கடலோரம், வரைபடம்]

வணக்கம் மக்களே. இன்னைக்கு பேசப்போறது 2000ல வந்த ஒரு அனிமேஷன் படம், பேரு தி மிராக்கிள் மேக்கர். இயேசுவோட கதைதான், ஆனா யாரு பக்கத்துல நின்னு சொல்றாங்கன்னா யவீருவோட மக பக்கத்துல நின்னு. யவீரு யாருன்னு பைபிள் படிச்சவங்களுக்குத் தெரியும், ஜெப ஆலயத் தலைவர், ஊர்ல பெரிய மனுஷன், ஒரே பொண்ணு சாகக் கிடக்குதுன்னு இயேசு கால்ல வந்து விழுந்தவரு. மாற்கு அஞ்சாம் அதிகாரத்துல இருக்கு, லூக்கா எட்டுல இருக்கு, மத்தேயு ஒன்பதுல ரொம்ப சுருக்கமா இருக்கு. இந்த மூணு இடத்துலயும் அந்தப் பொண்ணுக்குப் பேரே கிடையாது. வயசு பன்னெண்டு, செத்துட்டான்னாங்க, எழுந்தா, சாப்பாடு குடுங்கன்னு சொன்னாரு, அவ்வளவுதான், அதுக்கப்புறம் அவ என்ன ஆனான்னு ஒரு வரி கூட இல்ல.

படம் எடுத்தவங்க அவளுக்குத் தாமார்னு பேரு வச்சாங்க, அவ அம்மாவுக்கு ராகேல்னு வச்சாங்க, மொத்தப் படத்துக்கும் அந்தக் குடும்பத்தையே முதுகெலும்பா ஆக்கிட்டாங்க. இத நிறைய பேரு "சின்னப் பசங்க பாக்குறதுக்காக ஒரு சின்னப் பொண்ண உள்ள கொண்டு வந்திருக்காங்க"ன்னு சொல்லி கடந்து போயிடுறாங்க. எனக்கு அது சரியாப் படல. யாரு கண்ணு வழியா பாக்குறோம்ங்கிறதுதான் எந்த இயேசுவ பாக்குறோம்னு முடிவு பண்ணுது, இந்தப் படம் அத ரொம்ப யோசிச்சுப் பண்ணியிருக்கு, அதத்தான் இன்னைக்கு ஒவ்வொன்னா பாக்கப்போறோம்.

முதல்ல படம் யாருதுன்னு சொல்லிடறேன். வேல்ஸ் நாட்டு டிவி சேனல் எஸ்4சி, மாஸ்கோவுல இருக்குற கிறிஸ்மஸ் ஃபிலிம்ஸ்னு ஒரு ஸ்டூடியோ, இவங்க சேந்து பண்ணது. இதே கூட்டணிதான் 1990கள்ல ஷேக்ஸ்பியர் நாடகங்கள அரை மணி நேர அனிமேஷனா பண்ணாங்க, அப்புறம் பழைய ஏற்பாட்டுக் கதைகளையும் பண்ணாங்க, அந்த அனுபவத்தோட இதுக்கு வந்தாங்க. டைரக்டர் ரெண்டு பேரு, பொம்மைகள் வர்ற பகுதிய ரஷ்யாவோட ஸ்டானிஸ்லாவ் சோகோலோவ் பண்ணாரு, கையால வரைஞ்ச பகுதிய டெரெக் ஹேய்ஸ் பண்ணாரு. எழுதினவரு மர்ரே வாட்ஸ். இயேசுவுக்குக் குரல் ரால்ஃப் ஃபைன்ஸ். 1998ல வந்த தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்ல மோசேய எதிர்த்து நின்ன எகிப்து ராஜா ராம்சேஸுக்குக் குரல் குடுத்ததும் இவருதான், ரெண்டு வருஷத்துல அந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கம் வந்துட்டாரு.

[திரையில்: செப்போரிஸ், கட்டடம் கட்டுற காட்சி]

படம் பெத்லகேம்ல ஆரம்பிக்கல, அத கவனிங்க. மாட்டுத்தொழுவம், நட்சத்திரம், சாஸ்திரிகள் எதுவும் முதல்ல வராது. செப்போரிஸ்ங்கிற ஊர்ல, ரோமன் ஆட்சி வந்து 90வது வருஷம்னு சொல்லித் தொடங்குது. கி.மு. 63ல ரோமத் தளபதி பாம்பி எருசலேமப் பிடிச்சாரு, அதுல இருந்து 90 வருஷம் எண்ணினா கி.பி. 27, 28 வாக்குல வரும், இயேசு ஊழியத்த ஆரம்பிச்ச காலம்னு பொதுவா சொல்றதோட அது ஒத்துப் போகுது. வருஷத்த இப்படி எண்ணி சொல்லும்போதே அந்த ஜனங்க மனசுல என்ன ஓடிட்டு இருந்துச்சுன்னு தெரிஞ்சுடும், அவங்க நாள எண்ணிட்டு இருந்தது அடிமைப்பட்ட நாள்ல இருந்து.

செப்போரிஸ் நாசரேத்துல இருந்து கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர்தான், நடந்தே போயிடலாம். சுவிசேஷங்கள்ல அந்த ஊர் பேரே வராது. ஆனா கலிலேயாவ ஆண்ட ஏரோது அந்திப்பா அந்த ஊர திரும்பக் கட்டினது இயேசுவோட காலத்துலதான், கி.மு. 4ல ஒரு கலகம் வந்து ரோமன் படை அந்த ஊர அழிச்சுடுச்சு, அதுக்கப்புறம் பெரிசா எழுப்பினாங்க. நாசரேத்துத் தச்சன் ஒருத்தருக்கு வேலை கிடைக்கணும்னா அங்க போயிருக்க நல்ல வாய்ப்பு இருக்குன்னு பல ஆய்வாளர்கள் சொல்லியிருக்காங்க. படம் அத எடுத்துக்கிட்டு, இயேசுவ முதன்முதலா கூலிக்கு வேலை செய்ற ஆளா, கையில உளி சுத்தியோட காட்டுது.

அந்த ஊருக்குத்தான் யவீரு தன் பொண்ண வைத்தியர்கிட்ட காட்டக் கூட்டிட்டு வர்றாரு. அங்க மகதலேனா மரியாள் பித்துப் பிடிச்ச நிலையில சுத்திட்டு இருக்கா, மேஸ்திரி அவள அடிக்க வர்றான், ஒரு வேலையாள் குறுக்க வந்து தடுக்குறான். தாமார் அத பாக்குறா. அற்புதம் எதுவும் நடக்கல, பிரசங்கம் எதுவும் இல்ல, அடி விழப்போற ஒருத்திக்கு முன்னாடி ஒருத்தன் போயி நின்னான், அந்தக் குழந்தைக்கு இயேசு அறிமுகமாகுறதே அப்படித்தான். இது சுவிசேஷத்துல இல்லாத காட்சி, கற்பனைதான், ஆனா சுவிசேஷத்துல வர்ற இயேசுவ அப்படியே பிடிச்ச கற்பனை.

வைத்தியர் கைய விரிச்சுடறாரு. இங்க இருந்துதான் படத்தோட உண்மையான வேல ஆரம்பிக்குது. தாமார் சீக்காளி, நெனச்ச இடத்துக்கு எழுந்து போக முடியாது. அவளுக்கு இயேசுவப் பத்தின சேதி பெரும்பாலும் மத்தவங்க வாய் வழியாத்தான் வருது. அம்மாவுக்கு இயேசு பேசுறதக் கேக்கணும்னு ஆசை, அப்பாவுக்குத் தயக்கம், ஏன்னா அவரு ஜெப ஆலயத் தலைவர், ஊர் பெரியவங்க என்ன நெனப்பாங்கன்னு பாக்கணும். ஒரு வீட்டுக்குள்ள ஒரே ஆளப் பத்தி ரெண்டு விதமா பேச்சு ஓடுறத ஒரு குழந்தை படுக்கையில இருந்து கேட்டுட்டே இருக்கா. நம்மள்ல நிறைய பேரு வீட்டுல விசுவாசம் இப்படித்தான் வந்திருக்கும், ஒருத்தர் நம்பி ஒருத்தர் நம்பாம, நடுவுல பிள்ளைங்க. அதனாலதான் இந்தப் பார்வைய எடுத்தது எனக்கு இவ்வளவு பிடிச்சிருக்கு.

[திரையில்: பொம்மை அனிமேஷனும் வரைஞ்ச அனிமேஷனும் பக்கத்துப் பக்கத்துல]

இப்ப டெக்னிக்குக்கு வருவோம். படத்துல ரெண்டு விதமான அனிமேஷன் இருக்கு. பெரும்பகுதி ஸ்டாப் மோஷன், அதாவது நிஜமான பொம்மை, நிஜமான செட்டு, பொம்மைய துளி நகத்தி ஒரு ஃபோட்டோ, திரும்ப துளி நகத்தி ஒரு ஃபோட்டோ. ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம். படம் சுமார் ஒன்றரை மணி நேரம், கணக்குப் போட்டா ஒன்னேகால் லட்சம் ஃப்ரேமுக்கு மேல. ஒரே நிலையில ரெண்டு ஃப்ரேம் எடுத்தாக்கூட ஒரு செகண்டுக்கு 12 தடவை ஒரு மனுஷன் குனிஞ்சு அந்தப் பொம்மையோட கைய, தலைய, துணி மடிப்ப தொட்டு வச்சிருக்கணும். ரஷ்யாவுல இந்தப் பொம்மை அனிமேஷனுக்கு பெரிய பாரம்பரியமே உண்டு, சோகோலோவ் அதுல வளந்தவரு, பொம்மைங்க முகத்துல இருக்குற சுருக்கத்த பாத்தாலே தெரியும்.

இன்னொன்னு கையால வரைஞ்ச 2டி. இத எங்கெங்க போட்டிருக்காங்கன்னு பாக்கணும். மகதலேனா மரியாளோட மனசுக்குள்ள நடக்குற கொடுமை 2டியில வருது. வனாந்தரத்துல இயேசு சோதிக்கப்படுறது 2டி. இயேசுவோட அம்மா பழச நெனச்சுப் பாக்குறது 2டி, கிறிஸ்து பிறப்பும் சின்ன வயசும் அந்த நினைவுலதான் நமக்குக் கிடைக்குது. நல்ல சமாரியன் உவமை 2டி. அப்ப விதி என்னன்னா, தெருவுல நிக்குற யாரு வேணாலும் கண்ணால பாக்கக் கூடியது எல்லாம் பொம்மை, தொட்டுப் பாக்கலாம் போல கனமா இருக்கும். நினைவு, கனவு, பயம், உவமை, கண்ணுக்குத் தெரியாத போராட்டம் எல்லாம் கோடும் நிறமுமா வரும்.

இதுல ஒரு பெரிய பலன் இருக்கு பாருங்க. அற்புதங்கள் எல்லாம் பொம்மைப் பக்கத்துல நடக்குது. சோதனை, பிசாசோட தந்திரம்லாம் கோட்டு உலகத்துல அலையுது, ஆனா சுகமாகுறது, எழுந்திருக்குறது, கட்டிப்பிடிக்குறது எல்லாம் மண்ணு, துணி, கல்லு இருக்குற உலகத்துல நடக்குது. "இது நெஜமா நடந்துச்சு"ன்னு படம் வாயால சொல்லாம சொல்ற இடம் இதுதான். வேற எந்த இயேசு படத்துலயும் இத இவ்வளவு சுத்தமா பண்ணி நான் பாத்ததில்ல.

[திரையில்: யவீரு கூட்டத்துக்கு நடுவுல ஓடி வர்றாரு]

யவீரு காட்சிய கொஞ்சம் நிதானமா பாக்கலாம். மாற்கு இத ஒரு கதைக்குள்ள இன்னொரு கதையா வச்சிருக்காரு. யவீரு வந்து கெஞ்சுறாரு, இயேசு கிளம்புறாரு, வழியில பன்னெண்டு வருஷமா இரத்தப்போக்கு இருக்குற ஒரு பெண் பின்னாடி வந்து அவரு வஸ்திரத்தத் தொடுறா, இயேசு நின்னுடறாரு, யாரு தொட்டதுன்னு கேக்குறாரு. அந்தப் பொண்ணு வயசும் பன்னெண்டு, இந்தம்மா நோயும் பன்னெண்டு வருஷம். சாதாரணமா நாம இந்தப் பகுதிய வாசிக்கும்போது அந்தப் பெண்ணோட விசுவாசத்ததான் பாப்போம். ஆனா இந்தப் படத்துல நாம இவ்வளவு நேரம் தாமாரோட வீட்டுல இருந்தோம், அவ மூச்சு வாங்குறதக் கேட்டோம், அதனால இயேசு நின்ன அந்த நேரம் நமக்கு உயிர் போகுது. போங்க, சீக்கிரம் போங்கன்னு யவீருவோட சேந்து நாமளும் துடிக்கிறோம். அதுக்குள்ள வீட்டுல இருந்து ஆளு வந்து பொண்ணு இறந்துட்டான்னு சொல்லிடறான். பைபிள்ல எத்தனையோ தடவை வாசிச்ச தாமதம்தான், அந்தத் தகப்பன் வயித்துல அது என்ன பண்ணியிருக்கும்னு எனக்கு உறைச்சது இதப் பாத்தப்பதான்.

உள்ள போறது பேதுரு, யாக்கோபு, யோவான், அப்புறம் அப்பா அம்மா மட்டும். "தலீத்தாகூமி", அதாவது "சிறுபெண்ணே, எழுந்திரு"ங்கிறாரு இயேசு. எழுந்திருக்கா. அவளுக்கு சாப்பிட ஏதாவது குடுங்கன்னு இயேசு சொல்றத மாற்கும் லூக்காவும் எழுதி வச்சிருக்காங்க, மத்தேயுல அது இல்ல. இரண்டாம் நூற்றாண்டுல பாப்பியாஸ்ங்கிற சபைத் தலைவர் ஒரு சேதி விட்டுட்டுப் போயிருக்காரு, மாற்கு எழுதினது பேதுரு சொன்ன நினைவுகளன்னு. அது சரின்னா, அந்த ரூமுக்குள்ள நின்ன பேதுருவோட கண்ணுதான் அந்த சாப்பாட்டு விஷயத்தப் பிடிச்சு வச்சிருக்கு. அப்ப ஒரு சீஷரோட கண்ணு வழியா கதை சொல்றது இந்தப் படக்காரங்க புதுசா கண்டுபிடிச்சது இல்லயே, சுவிசேஷமே அப்படித்தான் நம்ம கைக்கு வந்திருக்கு.

இந்த வழி இப்பவும் ஓடிட்டுதான் இருக்கு, 2025ல வந்த லைட் ஆஃப் தி வேர்ல்ட் படம் வாலிப வயசு யோவானோட கண்ணு வழியா 2டியில சொல்லுது. ஆனா யோவான் எல்லா இடத்துலயும் கூடவே இருந்தவரு, அங்க பார்வை சுலபமா கிடைச்சுடும். தாமார் அப்படி இல்ல, அதனால இங்க சிரமமும் ஜாஸ்தி.

அந்த சிரமம் படத்துல தெரியத்தான் செய்யுது, அதையும் சொல்லணும். எருசலேம் போனதுக்கு அப்புறம் கதை தாமார விட்டு விலகிடுது. கெத்செமனேல அவ இல்ல, பிலாத்து முன்னாடி அவ இல்ல, யூதாஸ் கணக்குப் போடுற இடத்துல இல்ல, இருக்கவும் முடியாது. குடும்பம் பஸ்கா பண்டிகைக்கு எருசலேம் வந்திருக்குன்னு வச்சு நூல விடாமப் பிடிக்குறாங்க, ஆனா கடைசி அரை மணி நேரத்துல சம்பவங்க ஒன்னு மேல ஒன்னு விழுந்து ஓடுது, முதல் பாதியில இருந்த நிதானம் அங்க இல்ல. இன்னொன்னு, பரிசேயன் சீமோன் வீட்டுல இயேசுவோட பாதத்தக் கண்ணீரால நனைச்ச பெண்ணையும் மகதலேனா மரியாளையும் ஒரே ஆளா காட்டிட்டாங்க. லூக்கா ஏழுல அந்தப் பெண்ண பாவின்னு சொல்லியிருக்கு, ஆனா பேரே இல்ல. மகதலேனா மரியாளப் பத்தி எட்டாம் அதிகாரம் சொல்றது ஏழு பிசாசு நீங்கினவன்னுதான், பாவின்னு இல்ல. ரெண்டு பேரையும் ஒன்னாக்குறது 591ல போப் கிரகோரி பண்ணின பிரசங்கத்துல இருந்து மேற்கத்திய சபையில நிலைச்சுப்போன பழக்கம். பாவம் அந்தம்மா பேருல நூத்தாண்டு நூத்தாண்டா ஒரு கறை ஒட்டிக்கிட்டு இருக்கு, இவ்வளவு அக்கறையா எடுத்த படம் அத உதறியிருக்கலாம்.

ஆனா எருசலேமுக்குப் பக்கத்துல இருக்குற எம்மாவுங்கிற கிராமத்துக்குப் போற வழியில பண்ணதப் பாத்தா மன்னிச்சுடலாம் போல இருக்கு. லூக்கா 24ல எம்மாவுக்கு நடந்து போனவங்க ரெண்டு பேரு, ஒருத்தர் பேரு கிலெயோப்பா, இன்னொருத்தர் பேரு இல்ல. அந்த இடத்துல படம் யவீருவ நிறுத்துது. சாவுல இருந்து தன் பொண்ணத் திரும்ப வாங்கினவரு, அதப் பண்ணினவரே செத்துட்டாருன்னு நொந்துபோயி நடக்குறாரு, பக்கத்துல வந்து பேசுறவரு உயிர்த்தெழுந்த இயேசுதான்னு தெரியாமயே. சுவிசேஷம் காலியா விட்ட ஒரு இடத்துல சரியான ஆளக் கொண்டு வந்து வச்சிருக்காங்க.

பாக்கப்போறவங்களுக்கு ரெண்டு விஷயம். மரியாளோட பித்து நிலை வர்ற 2டி பகுதி கொஞ்சம் பயமா இருக்கும், சிலுவைக் காட்சியும் இருக்கு, ரொம்ப சின்னப் பசங்கன்னா பக்கத்துல உக்காந்து பாருங்க. பாக்குறதுக்கு முன்னாடி மாற்கு அஞ்சாம் அதிகாரம் 21ல இருந்து 43 வரைக்கும் ஒரு தடவை சத்தமா வாசிச்சுட்டுப் போங்க, பசங்கள விட்டே வாசிக்கச் சொல்லுங்க, படம் எத அப்படியே எடுத்திருக்கு, எத தானா சேத்திருக்குன்னு அவங்களே கண்டுபிடிச்சு உங்களுக்குச் சொல்லுவாங்க.